சாப்பிடுறவங்கதானே

அந்த மேனேஜரின் முகம் எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. மழமழவென்று சவரம் செய்த, எதற்கும் சிரிப்பு மாறாத முகம். என்னுடைய நாற்பத்தொன்பது வயதில் எத்தனையோ பேரிடம் எரிந்து விழுந்திருக்கிறேன். மறுநாள் காலையில் அவர்களிடமே போய்ப் பேசிவிடுவேன். இவரை மட்டும் மறக்க முடியவில்லை. மறக்கும் உத்தேசமும் இல்லை.

நடந்தது பங்குனியில், காரைக்குடியில் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்த சமயம். காப்பு என்றால் பார்ப்பதற்கு ஒரு மஞ்சள் கயிறுதான், அதில் சின்னதாக ஒரு விரலி மஞ்சள். ஆனால் அதைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து பால்குடம் எடுத்து முடிக்கும்வரை வீட்டில் கறி, மீன், முட்டை எதுவும் அடுப்பேறாது. ஊரை விட்டுப் போய் ராத்தங்க முடியாது. சாவு வீட்டுக்குப் போக முடியாது. போகவேண்டி வந்துவிடுமோ என்று சொந்தத்தில் வயதானவர்களை எல்லாம் நலம் விசாரித்துக்கொண்டே இருப்போம்.

நான் அந்த வருடம் காப்புக் கட்டியது என் மகளுக்காக. கல்யாணமாகி ஐந்து வருடத்தில் இரண்டு முறை உண்டாகி இரண்டும் தங்கவில்லை. முதலாவது மூன்றாம் மாதம், அடுத்தது ஐந்தாம் மாதம். இரண்டாவது முறை ஆஸ்பத்திரியிலிருந்து அவளை அழைத்துக்கொண்டு வரும்போது காரில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. மூன்றாவதாக உண்டானதும், இந்தப் பிள்ளையை முழுசாக எங்கள் கையில் கொடு, பால்குடம் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். பிள்ளை பிறந்த பிறகு எடுத்தால் போதும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அதுவரை பொறுக்கவில்லை.

ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டு மகளை வீட்டுக்கு அழைத்து வந்திருந்தோம். மாதக்கணக்கில் எதைப் பார்த்தாலும் குமட்டிக்கொண்டு, ரசம் சோற்றை மட்டும் கொறித்துக்கொண்டிருந்தவள் அவள். காப்புக் கட்டி எட்டாம் நாள், சனிக்கிழமை காலையில் வந்து, கோழி சாப்பிடவேண்டும் போல இருக்கிறது என்றாள். சொல்லிவிட்டு என் கையில் இருந்த கயிற்றைப் பார்த்து, வேண்டாம் விடும்மா என்று அவளே திரும்பிவிட்டாள்.

எப்படி விடுவது? பிள்ளைத்தாய்ச்சி வாய்விட்டுக் கேட்டதைக் கொடுக்காமல் இருக்க முடியுமா? காப்புக் கட்டிய வீட்டில் கோழியை ஏற்றவும் முடியாது. வாங்கிக்கொண்டு வந்து வீட்டுக்குள் பிரிக்கவும் கூடாது. ஒரே வழி, வெளியே அழைத்துக்கொண்டு போய்ச் சாப்பிட வைப்பது. எங்கே போகலாம் என்று கேட்டதற்கு, கல்லூரிக்குப் போகும் சாலையில் கண்ணாடிக் கதவு போட்டுத் திறந்திருக்கிற பர்கர் கடையைச் சொன்னாள். அன்று மதியமே ஆட்டோ பிடித்துப் போனோம்.

அந்தக் கடை எனக்குப் புதிதில்லை. நான் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். எங்கள் பிரிவில் யாருக்காவது பதவி உயர்வு வந்தாலும் பணி ஓய்வு வந்தாலும் அந்தக் கடையின் பக்கெட் சிக்கன்தான், வாங்கி வருவதும் நான்தான். கவுன்ட்டரில் நிற்கிற பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அமராவதிபுதூரிலிருந்து பஸ் ஏறி வேலைக்கு வருகிறவள். என்னைக் கண்டால் சிரிப்பாள், எலும்பு குறைவான துண்டாகப் பார்த்து எடுத்துப் போடுவாள்.

அன்றைக்கும் சிரித்தாள். மகளுக்கு ஒரு சிக்கன் பர்கர், எனக்கு ஒரு வெஜ் பர்கர் என்று சொன்னேன். எனக்கு அங்கே எதுவுமே வேண்டியிருக்கவில்லை. ஆனால் எதிரில் நான் சும்மா உட்கார்ந்திருந்தால் மகள் சாப்பிட மாட்டாள், சின்னதிலிருந்தே அவள் அப்படித்தான். பணத்தைக் கட்டிவிட்டு, நீட்டிய ரசீதை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் படித்துப் பாருங்கள் என்று தினமும் இருபது பேரிடம் சொல்கிற நான், அந்த ரசீதைப் படிக்கவில்லை.

இரண்டு பர்கரும் ஒரே மாதிரி காகிதத்தில் சுற்றி வந்தன. மகள் பிரித்துக் கடித்தாள். ஒரு வாய், இரண்டு வாய், மூன்று வாய். குமட்டவில்லை. கை நிறைய வளையல் குலுங்க, கன்னம் உப்ப அவள் சாப்பிட்டதைப் பார்த்து எனக்கு வயிறு நிறைந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில்தான் என்னுடையதைப் பிரித்து நானும் கடித்தேன்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். பூசாரியிடம்கூட இதை நான் சொல்லவில்லை. முதல் வாய் நன்றாக இருந்தது. வெஜ் பர்கரை இவ்வளவு நன்றாகச் செய்கிறார்களே என்று நினைத்துக்கொண்டே விழுங்கினேன். இரண்டாவது வாயில்தான் பல்லுக்கு நார் தட்டியது. உள்ளே பார்த்தேன். கோழி.

வாயில் இருந்ததைக் காகிதத்தில் துப்பினேன். முதல் வாய் போனது போனதுதான். மகள் என்னம்மா, என்னம்மா என்று கேட்டாள். நான் அந்தப் பர்கரை எடுத்துக்கொண்டு கவுன்ட்டருக்குப் போனேன். கோபம் பாதி, பயம் பாதி.

தவறுதலாக மாறிப்போயிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். மாறவில்லை. அந்தப் பெண் தெரிந்தே போட்டிருக்கிறாள். ஒரே வகையில் இரண்டு எடுத்தால் குளிர்பானம் சும்மா கிடைக்கும் என்று அன்றைக்கு ஒரு சலுகையாம். எனக்கு நல்லது செய்வதாக நினைத்து வெஜ்ஜைச் சிக்கனாக மாற்றிவிட்டாள்.

"நீங்க எப்பவும் சிக்கன்தானக்கா வாங்குவீக. தெரியாம வெஜ்ஜுன்னு சொல்லிட்டீகன்னு நெனச்சுட்டேன். பில்லுலகூட இருக்குக்கா" என்றாள்.

இடது கையைத் தூக்கி அவள் முகத்துக்கு நேரே காட்டினேன். பணத்தை எண்ணிக் கொடுக்கும்போது இந்தக் கை உன் எதிரில்தானே இருந்தது, இது உன் கண்ணில் படவில்லையா என்று கேட்டேன். வேறு ஊர்க்காரியாக இருந்தால் சரி என்று விடலாம். இந்த மண்ணில் பிறந்தவளுக்குக் காப்புக் கயிறு தெரியாதா? அவளுக்கு முகம் செத்துவிட்டது. காப்புக் கட்டினவர்கள் இந்தக் கடைக்குள் வரவே மாட்டார்கள் என்று நினைத்ததாகவும், அதனால் போன வாரம் எங்கேயோ கட்டி முடிந்த கயிறு என்று எண்ணிக்கொண்டதாகவும் சொன்னாள். அதுவும் ஒரு குத்துதான். ஆனால் அவள் கண்ணில் தண்ணீர் நின்றது, மன்னிச்சுக்கங்கக்கா என்று இரண்டு தடவை சொன்னாள். பேச்சு அவளோடு நின்றிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து மேனேஜர் வந்தார். வெளியூர்க்காரர், பேச்சிலேயே தெரிந்தது. கையில் ஒரு டேப்லெட். நான் முழுவதையும் சொன்னேன். விரதம், காப்பு, பால்குடம், எல்லாவற்றையும். பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "மேடம், நீங்க ப்யூர் வெஜ்ஜா?" என்றார்.

இல்லை என்றேன். இப்போது விரதம் என்றேன்.

கோழி ஒத்துக்கொள்ளாத அலர்ஜி ஏதாவது உண்டா என்று கேட்டார். அதுவும் இல்லை என்றேன்.

"அப்ப சாப்பிடுறவங்கதானே மேடம்" என்றார். சிரிப்பு மாறவில்லை. "இதுல என்ன பிரச்சினை?"

இதே கடையில், ஆறு மாதத்துக்கு முன்பு, பிறப்பிலிருந்தே சைவமான ஒரு குடும்பம் உருளைக்கிழங்கு வறுவலில் கோழி வாடை அடிக்கிறது என்று சொன்னதை நான் வரிசையில் நின்று பார்த்திருக்கிறேன். இதே மனிதர் ஓடி வந்தார், புதுக் கையுறை மாட்டினார், புது எண்ணெயில் போட்டுக் கொடுத்தார், வாசல்வரை போய் வழியனுப்பினார். வாடைக்கே அத்தனை மரியாதை. எனக்குத் தொண்டைக்குள்ளேயே கோழி இறங்கியிருக்கிறது, அதற்கு என்ன பிரச்சினை என்கிறார்.

அவருக்கு விளங்காதது இதுதான். பிறந்ததிலிருந்து கோழியைத் தொடாதவர் கோழியை விட்டேன் என்று சாமியிடம் சொல்ல முடியாது. அவரிடம் விடுவதற்கு அது இல்லை. நான் ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு இல்லாவிட்டால் அன்றைக்கு ஞாயிறே இல்லை என்று இருக்கிறவள். பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தால் எனக்கு இங்கே எச்சில் ஊறும். அப்பேர்ப்பட்டவள் எட்டு நாள் வாயைக் கட்டியிருக்கிறேன். நான் ஆத்தாளுக்குக் கொடுத்ததே அந்த எட்டு நாள்தான், வேறு என்னிடம் என்ன இருக்கிறது? அதைத்தான் அந்த ஆள், சாப்பிடுறவங்கதானே என்று ஒரு சொல்லில் தட்டிவிட்டார்.

இத்தனையும் எனக்குப் பிறகுதான் வார்த்தையாக வந்தது. அந்த நேரத்தில் வந்தது வேறு.

"என் மக வயித்துப் பிள்ளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, ஒங்க கடை வாசல்ல வந்து மண்ணை வாரித் தூத்துவேன்" என்றேன்.

கடையே திரும்பிப் பார்த்தது. சமையல் பக்கம் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். மேனேஜரின் சிரிப்பு முதல்முறையாகக் கொஞ்சம் சுருங்கியது. எனக்கு அதில் ஒரு திருப்தி, பொய் சொல்வானேன்.

அவர் டேப்லெட்டைத் தட்டிப் புகாரைப் பதிவு செய்தார். எட்டிப் பார்த்தேன். கட்டம் கட்டமாக இருந்தது. அலர்ஜி, சைவ வாடிக்கையாளர், தாமதம், உணவில் அந்நியப் பொருள், சுவை பிடிக்கவில்லை. என்னுடையதற்குக் கட்டம் இல்லை. கட்டத்தில் அடங்காத மனுவோடு வருகிறவர்களை நாங்கள் அலுவலகத்தில் என்ன செய்வோம் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இன்னும் எரிந்தது. கடைசியில் 'சுவை பிடிக்கவில்லை' என்பதை அழுத்தினார். பிறகு ஒரு கூப்பனைக் கொடுத்தார். அடுத்த முறை வரும்போது இரண்டு சிக்கன் பர்கர் இலவசம்.

திரும்பி வந்து பார்த்தால் மகள் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தாள். பாதிப் பர்கரைக் காகிதத்தில் சுற்றித் தள்ளி வைத்துவிட்டு, இரண்டு கையையும் வயிற்றின்மேல் வைத்து உட்கார்ந்திருந்தாள். எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. மாதக்கணக்குக்குப் பிறகு ஒருத்தி வாய்க்கு ருசியாக நாலு வாய் சாப்பிட்டாள், அதையும் இந்த ஆள் கெடுத்தானே. வா போகலாம் என்று கையைப் பிடித்து எழுப்பினேன். கவுன்ட்டர்ப் பெண் தண்ணீர் பாட்டிலோடு வாசல்வரை ஓடி வந்தாள், வாய் கொப்பளிக்க. நான் வாங்கவில்லை.

நேராகக் கோயிலுக்குப் போனோம். பூசாரி உள்ளேயிருந்து வந்து நின்றபடியே கேட்டார். தெரிந்து செய்தாயா, தெரியாமலா என்றார். தெரியாமல் என்றேன். மஞ்சள் தண்ணீரில் தலைக்குக் குளித்துவிட்டு வந்து தீர்த்தம் வாங்கிக்கொள், கட்டிய காப்பு கட்டியதுதான், பால்குடம் எடு என்று சொல்லிவிட்டுத் தேங்காய் உடைக்கப் போய்விட்டார். அவ்வளவுதான். அவருக்கு டேப்லெட் தேவைப்படவில்லை.

அதோடு எனக்குச் சமாதானமாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. கடையின் தலைமை அலுவலகத்துக்கு இரண்டு பக்கத்தில் மின்னஞ்சல் எழுதினேன். மனு எழுதுவதில் என்னை விஞ்ச இந்த ஊரில் ஆள் குறைவு. மறுநாளே பதில் வந்தது. தங்கள் சுவை அனுபவம் திருப்திகரமாக அமையாததற்கு வருந்துகிறோம். நான் போனைத் தூக்கிக் கட்டிலில் எறிந்தேன்.

ஊரும் கடைக்காரர் பக்கம்தான் இருந்தது. அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர், நீங்கள் என்ன சாப்பிடாத ஆளா என்று சிரித்தார். என் வீட்டுக்காரரின் தங்கை கண்டனூரிலிருந்து விசாரிக்க வந்தாள். வந்தவள் செருப்பைக் கழற்றும்போதே, "காப்புக் கட்டிக்கிட்டு அந்தக் கடையில எதுக்கு மதினி வாயை வச்சீக?" என்றாள். சட்டப்படி அவள் சொல்வது சரி. அதனால் அவள்மேலும் கோபம் வந்தது.

வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நடந்ததைச் சொன்னேன். கயிற்றைக் காட்டியது, ப்யூர் வெஜ்ஜா என்று அவர் கேட்டது, கட்டங்கள், கூப்பன், ஒன்று விடாமல். மண்ணை வாரித் தூற்றுவேன் என்று சொன்ன இடம் வரும்போது என் குரல் தானாக உயரும். கேட்கிறவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்த இடத்துக்காகவே கதையைச் சொன்னேன் என்றுகூடச் சொல்லலாம்.

இதற்கிடையில் மகள் பழையபடி ரசம் சோற்றுக்குத் திரும்பிவிட்டாள். அதிலும் பாதி மிச்சம். நாள் முழுக்கக் கை வயிற்றிலேயே இருந்தது. அசைகிறதா என்று கேட்டால் அசைகிறது என்பாள். டாக்டரிடம் காட்டினோம், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். விரதம் முறிந்ததை நினைத்து அவள் பயப்படுகிறாள் என்று நான் முடிவு செய்துகொண்டேன். பூசாரி சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் தலையை ஆட்டுவாள். ஒவ்வொரு முறை அவள் தட்டில் சோறு மிஞ்சும்போதும் அந்த மேனேஜரை ஒரு பாட்டம் திட்டிவிட்டுத்தான் தட்டைக் கழுவினேன்.

பால்குடத்துக்கு முந்தின நாள் மத்தியானம். எதிர்வீட்டுக்காரி பித்தளைக் குடத்தை இரவல் கொடுக்க வந்திருந்தாள். புளி போட்டு அதைத் தேய்த்துக்கொண்டே அவளுக்கும் கதையைச் சொன்னேன். அந்த இடம் நெருங்கியது. என் மக வயித்துப் பிள்ளைக்கு என்று ஆரம்பித்தேன்.

"அம்மா, அதை மட்டும் சொல்லாதே" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

எதிர்வீட்டுக்காரி என்ன நினைத்தாளோ, சாயங்காலம் வருகிறேன் என்று கிளம்பிவிட்டாள். புளிக் கையோடு உள்ளே போனேன். மகள் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் தேற்றியிருப்பேன்.

"நீ கோழி தின்னது ஆத்தாளுக்குக் குத்தமா இல்லையான்னு எனக்குத் தெரியாதும்மா. நீ அன்னைக்குச் சொன்னது எனக்குக் கேட்டுச்சு" என்றாள். வயிற்றைத் தடவிக்கொடுத்தபடி, "ரெண்டு தடவை போனப்பகூட யாரும் அப்படி வாய்விட்டுச் சொன்னதில்ல. நீ தெனம் சொல்ற" என்றாள்.

கையில் புளி காய்ந்து இறுகிக்கொண்டிருந்தது. எல்லோர் வாயிலிருந்தும் என்ன வந்தது என்று ஏழு பேரிடம் ஒப்பித்துக்கொண்டு திரிந்தவள் நான். ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் என்று நானே என் வாயால், ஒரு பொதுக்கடையில், அவள் காதுபடச் சொன்னதை மட்டும் நான் கேட்கவே இல்லை. மேனேஜர் என்னைத்தான் அவமதித்தார். அவளைப் பயமுறுத்தியது நான். பக்கத்தில் உட்கார்ந்தேன். இனி சொல்ல மாட்டேன் என்றேன். சரி என்றாள், அவ்வளவுதான்.

மறுநாள் பால்குடம். மஞ்சள் புடவைக் கூட்டத்தில், தலையில் பாலோடு, காலைச் சுட்ட ரோட்டில் நடந்தேன். அந்த மேனேஜரைப் பற்றி ஆத்தாளிடம் சொல்வதற்குப் பெரிய பட்டியலே வைத்திருந்தேன். ஒன்றையும் சொல்லவில்லை. பால் சிந்தாமல் குடத்தைப் பிடித்துக்கொண்டு, அந்த ஒரு பேச்சை மட்டும் கேட்காததாக வைத்துக்கொள் என்று கோயில் வரை கெஞ்சிக்கொண்டே போனேன்.

வைகாசியில் பேத்தி பிறந்தாள். மூன்று கிலோவுக்கு மேல். இப்போது குப்புற விழுந்து, தலையைத் தூக்கி எல்லோரையும் முறைக்கிறாள், என்னைப் போலவே இருப்பதாகச் சொல்கிறார்கள். கோபம் எனக்குத் தீரவில்லை. அந்தக் கூப்பனை இன்னும் அலமாரியில் வைத்திருக்கிறேன், நாள் கடந்துபோயும். யாராவது கேட்டால் இப்போதும் கதையைச் சொல்கிறேன், கட்டங்களும் கூப்பனும் உட்பட. அந்த இடம் வரும்போது மட்டும், நல்லாக் கேட்டுவிட்டு வந்தேன் என்று சொல்லித் தாண்டிவிடுகிறேன். பேத்தி மடியில் இருந்தால் அந்தக் கதையை எடுப்பதே இல்லை.